திரும்பி வந்த டப்பாக்கள்

கம்பெனியின் விருந்தினர் மாளிகையில் சமையல் வேலை பார்த்த அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் ஆசையாய் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய் ரொம்பக் காலம் ஆகிவிட்டது. எல்லாருக்கும் அவள் கரண்டியம்மாதான். இடுப்பில் எந்நேரமும் ஒரு சின்ன எவர்சில்வர் கரண்டி செருகியிருக்கும். அடுப்பில் எது வெந்தாலும் இறக்குவதற்கு முன் அந்தக் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து, ஊதி, உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். பிறகு கண்ணை மூடி ஆண்டவனுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டுத்தான் மேஜைக்கு அனுப்புவாள். தன் வாய்க்குப் போகாத எதுவும் அடுத்தவர் வாய்க்குப் போகக் கூடாது என்பது அவளாக வைத்துக்கொண்ட சட்டம்.

அந்தச் சட்டம் வந்ததற்கும் காரணம் உண்டு. வயசுப் பெண்ணாக இருந்தபோது ஒரு விடுதிச் சமையலறையில் காய் நறுக்கப் போனாள். முந்தின நாள் மிச்சத்தைப் புதுக் குழம்போடு கலந்து ஊற்றினான் அங்கிருந்த தலைமைச் சமையல்காரன். ராத்திரிக்குள் விடுதிப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாய்ச் சுருண்டு கிடந்தார்கள். அவன் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பு அவள் மனசை விட்டுப் போகவே இல்லை. மறுநாளே வேலையை விட்டாள். வரும்போது தனக்குச் சாப்பிடக் கொடுத்திருந்த கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். அதுதான் இந்தக் கரண்டி.

வீட்டுக்காரர் தையல்காரர். வாசல் அறையில் மிஷின், மிஷினுக்குப் பின்னால் துணி மலை, மலைக்குப் பின்னால் அவர். வாய் மட்டும் சும்மா இருக்காது. "ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் நக்கிப் பார்க்கிறியே, என்னைக் கட்டிக்கும்போது மட்டும் ஏன் விட்டுட்டே?" என்பார். "அன்னைக்குக் கரண்டி எடுத்துட்டு வரலை. அதான் ஏமாந்துட்டேன்" என்பாள் இவள். பிள்ளை இல்லாத வீட்டில் இப்படிப் பேசிப் பேசித்தான் பொழுது போயிற்று. பிள்ளை இல்லாத குறையை அவள் ஆண்டவனிடம் கூடச் சொல்லி அழுததில்லை. அவர்கள் வாராவாரம் போகிற பிரார்த்தனைக் கூடத்தின் பக்கத்து அறையில் அவள் தங்கச்சி ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்திவந்தாள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் காலையில் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகள். ஓய்வு நாளில் அங்கே போய்விடுவாள். ஒன்று மடியில் ஏறும், ஒன்று தோளில் ஏறும், ஒன்று கரண்டியைப் பிடுங்கித் தலையில் தட்டும். வீட்டுக்கு வரும்போது சேலையெல்லாம் மூக்குச்சளியும் எச்சிலுமாக இருக்கும். அதைத் துவைக்கவே அவளுக்கு மனசு வராது.

கம்பெனி செய்தது குழந்தைகளுக்கான சத்துப் பவுடர். பாலில் கலந்து கொடுப்பது. கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போகும். உள்ளூர்க் கடைகளிலும் கிடைக்கும். சுவரில், பஸ்ஸின் முதுகில், பாலத்துத் தூணில், எங்கே பார்த்தாலும் கொழுகொழுவென்று ஒரு குழந்தை அதன் டப்பாவைக் கட்டிக்கொண்டு சிரிக்கும். விருந்தினர் மாளிகைக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. எந்த நாட்டு விருந்தாளி வந்தாலும் கம்பெனிச் சரக்கு மேஜைக்கு வரக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே மேனேஜர் சொல்லிவிட்டார். சொந்தச் சரக்கைத் தானே காட்டிப் பெருமையடித்துக்கொள்ளாத பெரிய மனசு என்று கரண்டியம்மா அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டாள். தங்கச்சியிடம் அதைச் சொல்லிப் புகழவும் செய்தாள்.

சாப்பிட்டு எழுந்தவர்களின் தட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று விளையாட்டாய்ச் சொல்வாள். ருசிக்காக ஒரு கடி கடித்துவிட்டு முழு மீனை ஒதுக்குகிறவர்கள், சோற்றின் நடுவில் சிகரெட்டை அணைக்கிறவர்கள், துடைத்த காகிதத்தைக் குழம்பில் ஊறப்போடுகிறவர்கள். அந்தத் தட்டுகளைக் கழுவும்போது அவளுக்குக் குமட்டும். சாப்பாட்டை இப்படிச் செய்கிறவர்களின் கை வேறு எதைத்தான் செய்யாது என்று நினைத்துக்கொள்வாள். நினைத்ததற்கும் ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள்.

மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கம்பெனிக் கிடங்கில் பெட்டி பெட்டியாய்ச் சரக்கு வந்து இறங்கியது. தங்க நிறத்தில் டப்பா, மேலே யாருக்கும் படிக்கத் தெரியாத வெளிநாட்டு எழுத்து. தொழிலாளிகள் அந்தப் பெட்டிகளையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். வெளிநாட்டுக்கென்று செய்த சரக்கு என்றால் தனி மவுசு. உள்ளூர்ச் சரக்கில் கை மாறும், கலப்படம் ஆகும், வெளிநாட்டுக்காரனிடம் அந்த வேலை நடக்காது, அவனுக்கு அனுப்புவதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்வார்கள் என்று எல்லாருமே நம்பினார்கள். கப்பலில் போன சரக்கு ஏன் திரும்பி வந்தது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கிடைத்தால் நமக்கு ஒரு டப்பா கிடைக்குமா என்பதுதான் பேச்சு.

கரண்டியம்மாவும் அந்த ஆசையில்தான் விழுந்தாள். தனக்கு என்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள், காப்பகத்துக் குழந்தைகளுக்காக மேனேஜரிடம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மேனேஜர் யோசிக்கக்கூட இல்லை. ஒரு பெட்டியா கேட்டே, வண்டி நிறைய எடுத்துட்டுப் போ என்று சொல்லி, அவளுக்கென்று தனியாக ஒரு டப்பாவையும் கையில் கொடுத்தார். இப்படியும் ஒரு மனுஷனா என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டி போய் இறங்கியது. அந்த வாரப் பிரார்த்தனையில், அதை நடத்தும் பெரியவர் கம்பெனியின் பெயரையும் கரண்டியம்மாவையும் சேர்த்துச் சொல்லி நன்றி சொன்னார். கூடத்தின் கூரை ஒழுகுவதையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை பிறந்திருந்தது. தையல்காரர் அன்றைக்கு மனைவியைப் பார்த்த பார்வையில் கிண்டலே இல்லை.

காப்பகத்தில் டப்பாவைத் திறந்தால் அறை முழுக்க இனிப்பு வாசனை. குழந்தைகள் தம்ளரைத் தட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தன. வந்த சில நாளிலேயே டப்பாக்கள் ஒன்றிரண்டு காணாமல் போகத் தொடங்கின. தங்கச்சி கெட்டிக்காரி. எல்லா டப்பாவின் அடியிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தாள். அப்புறம் பார்த்தால், காணாமல் போனதில் ஒன்று பிரார்த்தனை நடத்தும் பெரியவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலேயே உட்கார்ந்திருந்தது. வெளிநாட்டு எழுத்து அழகாயிருக்கிறதென்று அவர் மருமகள் பொம்மைகளுக்கு நடுவில் வைத்திருந்தாளாம்.

சில குழந்தைகளுக்கு வயிறு சரியில்லாமல் போயிற்று. பொட்டு என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சின்னப் பெண், எதைப் பார்த்தாலும் தின்னக் கேட்கிறவள், சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்ப ஆரம்பித்தாள். "பணக்காரச் சாமான் அக்கா. இதுங்க வயிறு இன்னும் பழகலை" என்றாள் தங்கச்சி. கரண்டியம்மாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. நல்லதைத் தின்றறியாத வயிறு நல்லதைக் கண்டு மிரளுகிறது என்று நினைத்தாள். கொஞ்சம் தண்ணி கூட்டிக் கலக்கு, விடாமல் கொடு, பழகிவிடும் என்று சொன்னாள். எதையும் நக்கிப் பார்க்காமல் விடாதவள், அந்தப் பவுடரை மட்டும் ஒரு நாளும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. மூடி போட்டு, முத்திரை வைத்து, வெளிநாட்டு எழுத்து எழுதி வந்ததைச் சந்தேகப்பட அவள் யார்?

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் மாளிகையில் பெரிய விருந்து. தலைநகரத்திலிருந்து ஒரு குழு வந்திருந்தது. உணவுப் பொருளில் எது எவ்வளவு இருக்கலாம் என்று சட்டத்தில் அளவு உண்டல்லவா, அந்த அளவை வெளிநாடுகளைப் போல இறுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கத்தான் குழு. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். குழுவுக்குத் தலைவராய் ஒரு பெரிய அதிகாரி. அவரோடு ஒரு டாக்டர். எதிரில் மேனேஜரும் கம்பெனியின் ஆலோசகரும். அந்த ஆலோசகர் கரண்டியம்மாவுக்குத் தெரிந்தவர்தான். போன மழைக்காலம் வரைக்கும் அதிகாரியாக வந்து அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டவர், இந்த மழைக்குக் கம்பெனிக்காரராக இந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தின்னும் விதம் மாறவில்லை. அதே பாதிக் கடி, அதே ஊறிய காகிதம். கடைசியில் கோப்புகளைக் கட்டிக்கொண்டு, அரசாங்க ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ஒரு பெண். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. சுவரோரம் நின்றாள்.

கரண்டியம்மா குழம்புக் கிண்ணத்தோடு மேஜையைச் சுற்றி வந்தாள். சமையல்காரிக்குக் காது இருக்கும் என்பது பெரிய மனிதர்களுக்கு நினைவிருப்பதில்லை. சட்டத்தை இறுக்கினால் தொழில் படுத்துவிடும், அவகாசம் வேண்டும், இன்னும் ஆராய்ச்சி வேண்டும் என்று ஆலோசகர் அடுக்கிக்கொண்டே போனார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எலும்பை உறிஞ்சினார். வெளிநாட்டில் அந்த அளவுதானே வைத்திருக்கிறார்கள் என்று அதிகாரி ஒப்புக்குக் கேட்டார்.

"அவங்க வயித்துக்கு அவங்க சட்டம் சார்" என்றார் ஆலோசகர். "நம்ம ஜனங்க வயிறு வேற. எதைப் போட்டாலும் அரைச்சுடும்."

மேஜை குலுங்கச் சிரித்தார்கள். பல காலத்துக்கு முன்னால் கேட்ட பல் குத்தும் சிரிப்பு அப்படியே வந்து கரண்டியம்மாவின் காதில் விழுந்தது. அதோடு நின்றிருந்தாலும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டே, துறைமுகத்தில் திருப்பி அனுப்பினார்களே, அந்தச் சரக்கு என்னவாயிற்று, அழித்தாகிவிட்டதா என்று கேட்டார்.

மேனேஜருக்கு உற்சாகம். "அழிக்கிறது பாவம் சார், குழந்தைங்க சாமான். அழிக்கச் செலவு வேற. பிரார்த்தனைக் கூடத்துல ஒரு காப்பகம் இருக்கு. மொத்தத்தையும் தர்மமா கொடுத்தாச்சு. கிடங்கும் காலி, புண்ணியமும் ஆச்சு."

அதிகாரி தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இதை நீங்க சொல்லலை, நான் கேட்கலை."

பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

கரண்டியம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. குழம்பு சொட்டுச் சொட்டாய் வெள்ளை விரிப்பில் விழுந்தது. மேனேஜர் அதட்டியதும் ஊற்றினாள். உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். நான் சரியாகக் கேட்கவில்லை, படிக்காதவள், ஏதோ ஒன்றை வேறொன்றாக எடுத்துக்கொண்டேன் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். அவள் மனசுக்கு மனிதர்களைத் தப்பாக நினைப்பது என்றைக்குமே சுலபமில்லை.

கொல்லைக் குழாயடியில் ஆய்வுக்கூடத்துப் பெண் கை கழுவ வந்தாள். கரண்டியம்மா ஒரு தட்டில் சோறு போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு, தன்னிடமிருந்த டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாள்.

"இதுல என்ன இருக்கு கண்ணு?"

அந்தப் பெண் டப்பாவைப் பார்த்தாள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். பவுடர் செய்த மாவு ஈரக் கிடங்கில் கிடந்திருக்கிறது, அதில் பூஞ்சை பிடித்திருக்கிறது, பூஞ்சை ஒரு விஷத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். சோதித்தது அவளேதானாம்.

"கொதிக்க வச்சா போயிடுமா?"

"போகாதும்மா."

கரண்டியம்மா இடுப்பிலிருந்து கரண்டியை எடுத்து நீட்டினாள். "நான் நாக்குல வச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது. ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. ஈரல்ல போய் மெள்ள உட்காரும். சின்னப் பிள்ளைங்களை வளரவே விடாது. நாக்குக்குத் தெரியாதுன்னுதான் சட்டம்னு ஒண்ணு வச்சிருக்கு. அதைத்தான் உள்ளே உக்காந்து பேசிட்டிருக்காங்க." சோற்றுத் தட்டைத் தொடாமலே திருப்பிக் கொடுத்தாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கம்மா. எனக்கும் வீட்ல பிள்ளை இருக்கு."

கரண்டியம்மா அடுப்படிக்கு வந்தாள். சாயங்காலம் குழந்தைகளுக்குப் பால் கலக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் அவளுக்குள் ஒரு ஓரத்தில் நப்பாசை இருந்தது. பயந்த பெண், கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். படித்த பெரியவர்கள் உள்ளே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாததா? அவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், ஒரு வாய் குடித்துவிட்டால் போதும், தன் மனசு ஆறிவிடும். பாலைக் காய்ச்சினாள். முத்திரையைக் கிழித்து, வாழ்நாளில் முதல்முறையாக, தான் வாய் வைக்காத ஒன்றைக் கலக்கிக் கோப்பைகளில் ஊற்றினாள். தட்டில் அடுக்கி எடுத்துப் போய் ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள். டப்பாவையும் மேஜை நடுவில் வைத்தாள்.

"நம்ம கம்பெனி பவுடருங்க. பிரார்த்தனைக் கூடத்துக்குக் கொடுத்தீங்களே, அதுதான். ஆளுக்கு ஒரு வாய் குடிங்கய்யா."

டாக்டர் தனக்குச் சர்க்கரை வியாதி என்றார். ஆலோசகர் வயிறு நிறைந்துவிட்டது என்று ஏப்பம் விட்டுக் காட்டினார். அதிகாரி கோப்பையை ஒற்றை விரலால், செத்த பல்லியைத் தள்ளுகிற மாதிரி, அப்பால் தள்ளினார். மேனேஜர் சிரித்தார். முகத்தில் சிரித்தது வாய் மட்டும்தான். கரண்டியம்மா ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தாள். பாலின் மேல் ஆடை கட்டியது. ஒருவரும் தொடவில்லை.

"ஒரே ஒரு வாய்" என்றாள் மறுபடியும். அவள் குரல் யாசகம் கேட்பது போலிருந்தது. உண்மையில் யாசகம்தான்.

மேனேஜர் அவளை அடுப்படிக்கு இழுக்காத குறையாய் அழைத்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை. தோழமையாய்ப் பேசினார். உன் வீட்டுக்கு வேண்டுமென்றால் வேறு சரக்கு, நல்லதாக, தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறேன், நீ கவலைப்படாதே என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. அப்படியானால் நல்லது எது கெட்டது எது என்று இவருக்குத் தெரியும். தெரிந்துதான் வண்டி நிறைய எடுத்துப் போகச் சொன்னார். அவள் அப்போது அழுதாளே, அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போது எச்சில் பட்டது போல் அருவருப்பாயிருந்தது.

சேலைக்கு மேல் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். "உங்க வீட்டுக் குழந்தைக்கு எதைக் கொடுப்பீங்களோ, அதைத்தான் ஐயா நான் கேட்டேன்" என்றாள். மழையில் இறங்கி நடந்தாள்.

காப்பகத்தில் தம்ளர்கள் வரிசையாய் இருந்தன. தங்கச்சி பாத்திரத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். கரண்டியம்மா போன வேகத்தில் பாத்திரத்தைப் பிடித்து முற்றத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். குழந்தைகள் ஓவென்று அழுதன. பைத்தியமா பிடித்துவிட்டது உனக்கு என்று தங்கச்சி கத்தினாள். விஷயத்தைக் கேட்டதும் தம்ளர்களை ஒவ்வொன்றாய் எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். பொட்டு வந்து கரண்டியம்மாவின் ஈரச் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையின் மெலிவைக் கரண்டியம்மா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பெரியவருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் கண் அடிக்கடி ஒழுகும் கூரைக்குப் போயிற்று. கொடுத்தவர்கள் மனம் நோகுமே என்றார். கடைசியில், குழந்தைகளுக்கு வேண்டாம் என்பதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார். மிச்சமிருந்த டப்பாக்களை என்ன செய்வது என்பதில் அக்காளுக்கும் தங்கச்சிக்கும் பேச்சு முற்றியது.

"குழி தோண்டிப் புதைச்சுடு அக்கா."

"அடுத்தவங்க பொருளை நாம எப்படி அழிக்கிறது? கொடுத்தவங்க வாசல்லயே திருப்பி வச்சுடலாம். பார்த்தாவது உறைக்கட்டும்."

பொருள் யாருடையதோ அவரிடம் சேர்த்துவிட வேண்டும். சின்ன வயதிலிருந்து கற்றது அதுதான். தங்கச்சி முணுமுணுத்தாலும் அக்காள் பேச்சைத் தட்டவில்லை. மறுநாள் தையல்காரர் ஒரு தள்ளுவண்டியை இரவல் வாங்கி வந்தார். அவர் முன்னால் இழுக்க, பெண்கள் இருவரும் பின்னால் தள்ள, மழைச் சேற்றில் தங்க டப்பாக்கள் கம்பெனி வாசலுக்குப் போயின. காவல்காரர் தலையைச் சொறிந்தார்.

"உள்ளே வர்ற சரக்குக்குச் சீட்டு இருக்கு, வெளியே போற சரக்குக்குச் சீட்டு இருக்கு. திரும்பத் திரும்ப வர்ற சரக்குக்கு நான் எதை எழுத அக்கா?"

"மானம் கெட்டதுன்னு எழுதுங்க" என்றார் தையல்காரர்.

வாசலில் அடுக்கி வைத்துவிட்டு வந்தார்கள். கரண்டியம்மாவுக்கு வேலை போயிற்று. கூரைக்குக் கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. பெரியவர் பிரார்த்தனையில் அவளைப் பார்ப்பதைத் தவிர்த்தார். அவள் காப்பகத்திலேயே சமைக்க உட்கார்ந்தாள். சோறும் பருப்பும்தான். மாவு என்று எது வந்தாலும் கரண்டியில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பாள். நாக்கில் வைத்தாலும் நம்பிக்கை வரவில்லை. இத்தனை காலம் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தது வெறும் தகரமா என்று ஒரு நாள் கணவரிடம் கேட்டாள். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தார். குழு என்ன முடிவெடுத்தது என்று ஆய்வுக்கூடத்துப் பெண் தெருவில் ஒரு நாள் பார்த்தபோது சொன்னாள். இன்னும் ஆராய வேண்டும் என்று எழுதிவிட்டுக் கலைந்துவிட்டார்களாம். பொட்டு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சோற்றுக்கு வாய் திறந்தாள்.

மழை விட்ட பிறகு ஒரு காலையில் பருப்பு வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் நெடுநாள் பழக்கம். முன்வரிசையில் சத்துப் பவுடர் புதிதாய் அடுக்கியிருந்தது. நம் எழுத்தில் பெயர், கொழுகொழு குழந்தை, புதுத் தேதி. கம்பெனியே பாதி விலைக்குத் தள்ளிவிட்டது அம்மா, நேற்று வந்தது, பாதி தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர் பெருமையாய்.

அவள் ஒரு டப்பாவை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அடியைத் திருப்பினாள்.

சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு.

இன்னொன்றை எடுத்தாள். பொட்டு. அதற்கடுத்ததிலும் பொட்டு.

தெருவோரச் சாக்கடைக்கு ஓடிப் போய் வாந்தியெடுத்தாள். காலையில் குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்தது. யார் மேல் அந்த அருவருப்பு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேனேஜர் மேலா, நான் கேட்கலை என்று சொல்லிவிட்டுக் குழம்பு கேட்டவர் மேலா, இல்லை, குழியில் போட வேண்டியதைத் தள்ளுவண்டியில் வைத்து மரியாதையாய்க் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த தன் மேலேயேவா? காப்பகத்துக் குழந்தைகளிடமிருந்து அதை எடுத்து ஊர்க் குழந்தைகள் எல்லாருக்கும் அனுப்பியது தன் கைதான். ஆண்டவனே, உன் பேரைச் சொல்லித்தான் தள்ளிக்கொண்டு போனேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டுக் கடைக்குத் திரும்பி வந்தாள். இடுப்பில் இருந்த கரண்டியை எடுத்தாள். டப்பாவின் மேல் ஒட்டியிருந்த தாளின் ஓரத்தில் கரண்டி முனையை விட்டு நெம்பினாள். தாள் பிசுபிசுவென்று கிழிந்து வந்தது. பசை விரலில் ஒட்டிக்கொண்டு, அந்த இனிப்பு வாசனையோடு நாறியது.

"ஏன் அம்மா என் சரக்கைக் கெடுக்கிறீங்க?" கடைக்காரர் பதறிப்போய் வெளியே வந்தார்.

"நான் கெடுக்கலைப்பா. கெட்டுத்தான் உங்கிட்ட வந்திருக்கு."

சுரண்டிக்கொண்டே இருந்தாள். நம் எழுத்தின் அடியிலிருந்து வெளிநாட்டு எழுத்து தங்கமாய் எழுந்து வந்தது. சாமான் வாங்க வந்த ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கூலி வேலைக்காரி, உழைத்துக் கறுத்த முகம். குழந்தை டப்பாவின் பளபளப்பைப் பார்த்துக் கையை நீட்டியது.

அந்தத் தாயின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, வெளிநாட்டுச் சரக்கா இது? உள்ளே இதையா மறைச்சு வச்சிருக்காங்க? அப்போ நல்லதாத்தான் இருக்கும். அந்த டப்பாவை எனக்குக் குடுங்கக்கா."

கரண்டியம்மா டப்பாவை மார்போடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கடைப்படியில் அப்படியே உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் சேலைத் தலைப்பைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"குடுக்க மாட்டேன் கண்ணு. நானும் உன்னை மாதிரித்தான் ஆசைப்பட்டேன். இப்படி உக்காரு, முதல்லேருந்து சொல்றேன்."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, அடுக்கிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, அவள் செய்தது போலவே திருப்பி அடியைப் பார்த்தார்.